புதுப்பிப்பு: மாடிச் சிலந்தி, படம் சரிவந்துவிட்டது

வெள்ளவத்தை மொட்டைமாடிக் கதிரைக்கடியில் இருந்த சிலந்தியின் வயிறு பிளாஷ் பட்டால் வெள்ளையாகிப் போகுதென்று போன கிழமை கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வென்றது யோகட் கப் யோசனைதான். கப்பின் வாயைக் கத்தரித்து, வெளிச்சம் பரவலாக விழட்டுமென்று பிளாஷில் கவிழ்த்தேன். மினுக்கம் அடங்கி, கால் பட்டைகள்கூடத் தெளிவாக விழுந்தன. லென்ஸ் துவாரம் எப் 11, ஷட்டர் வேகம் 1/160 செக்கன். ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனைக் கூட்டினால் எனக்குக் குறுணி குறுணியாகத்தான் வந்தது.

எதிர்பாராதது: ஏசி அறையிலிருந்து கமராவை வெளியே கொண்டுபோனதும் லென்ஸ் வேர்த்துவிட்டது. கால் மணித்தியாலம் சும்மா நின்றேன். அப்போதுதான் டோர்ச்சில் முட்டைப்பை தெரிந்தது, சுற்றிவர முள்ளு. சிலந்தியின் வயிற்றில் மணற்கடிகை வடிவில் செம்மஞ்சள் அடையாளம். ஆக, இது பழுப்பு விதவைச் சிலந்தி, அறிவியற் பெயர் லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ். நரம்பைத் தாக்கும் நஞ்சு என்பதால் கதிரையைத் தும்புத்தடியால்தான் சாய்த்தேன். அம்மா இன்னும் மாடிக்கு வரமாட்டேன் என்கிறா.