மலைச்சரிவில் புல்வெட்டும் வண்டி: உங்கள் கியர் பொக்ஸ் எத்தனை மணித்தியாலம் தாங்கியது?

நுவரெலியாவிலிருந்து:

வீட்டைச் சுற்றி 240 பேர்ச், அதாவது ஒன்றரை ஏக்கர். பாதி சமதரை, மீதி தேயிலைக்குள் இறங்கும் சரிவு. கிக்குயு புல்லுக்கு நம் குளிரும் மழையும் தாய்வீடு மாதிரி. ஒரு வாரம் கண்ணயர்ந்தால் கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். 2017இல் பங்களா ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி ஒன்றை வாங்கிவந்தேன். மணி காட்டும் மீற்றரில் அன்று 190.

கிளச்சும் கியர்க் கம்பும் இல்லாத வகை. ஒரு மிதியை அழுத்தினால் முன்னே போகும், மற்றதை அழுத்தினால் பின்னே வரும். பேச்சுக்குக் கியர் பொக்ஸ் என்றாலும் உள்ளே நடப்பது வேறு. பெல்ட்டால் சுழலும் பம்ப் ஒயிலை அழுத்தித் தள்ளுகிறது; அந்த அழுத்தத்தில் ஒரு மோட்டர் சுழன்று சக்கரத்தைத் திருப்புகிறது. "சீல் வைத்தது, ஆயுள் முழுவதும் திறக்கவே வேண்டாம்" என்றார் விற்றவர். யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை.

மீற்றர் 410ஐத் தொட்டபோது ஏப்ரல் சீசனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. முதல் இருபது நிமிடம் சமர்த்தாக ஓடிய வண்டி, சரிவின் நடுவில் நின்றுவிட்டது. மிதியைத் தரைவரை அழுத்துகிறேன், எஞ்சின் கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. பிறகு மெல்ல, மிகவும் மரியாதையாக, பின்னோக்கி இறங்கத் தொடங்கியது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறுகிறது. பத்து நிமிடத்தில் மறுபடி அதே கதை.

கராஜ் பாஸை, அதாவது மெக்கானிக்கை, வீட்டுக்கே அழைத்தேன். பெல்ட் நன்றாக இருந்தது. கியர்ப் பெட்டியின் தலையில் காற்றடிக்கும் பிளாஸ்டிக் விசிறியில் பாதி இறக்கைகள் உடைந்திருந்தன. பெட்டியின் மேல் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையே புல்லும் தூசியும் ஒயிலும் சேர்ந்து எருவரட்டிபோல் இறுகிக் கிடந்தன. திருப்புளியால் சுரண்டித்தான் எடுத்தோம். கீழே ஒயில் வடிக்கத் துவாரமே இல்லை. முழுப் பெட்டியையும் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால், இரண்டு லீற்றர் அளவில் ஒயில் வந்தது. கறுப்பு, அதில் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. உள்ளே இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் மெல்லிய ரோமமாகப் படிந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறி, கியூ.ஆர். குறியீட்டோடு நாம் வரிசையில் நின்ற காலத்தில், சிக்கனம் என்று நினைத்து எஞ்சினைப் பாதி வேகத்திலேயே ஓட்டப் பழகினேன். பழக்கம் விலை இறங்கிய பிறகும் போகவில்லை. விசிறி சுழல்வது எஞ்சின் வேகத்தில். எஞ்சின் பாதி என்றால் காற்றும் பாதிதான், சரிவின் சுமையோ முழுதாக இருக்கிறது. சூடேறிய ஒயில் இளகி, பம்பின் தேய்ந்த இடைவெளிகளில் வழிந்துவிடுகிறது, அழுத்தம் ஏறுவதில்லை. சேமித்த பெற்றோல் காசைக் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை.

5டபிள்யூ-50 செயற்கை ஒயில் ஊற்றி, பழைய வண்டி ஒன்றிலிருந்து விசிறியும் மாற்றினோம். பின்சக்கரங்களைத் தூக்கிவைத்து, மிதியை முன்னும் பின்னுமாக அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினோம். இப்போது மீற்றரில் 455. ஏறுகிறது, ஆனால் இளமையில் ஏறியதுபோல் இல்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

வெலிமடையிலிருந்து:

அண்ணா, உங்களுடையது 410 ஓடியிருக்கிறது. என்னுடையது 140இல் முடிந்தது, கொன்றவன் நானே. பின்னால் கொக்கி இருக்கிறதே என்று சிறிய டிரெயிலர் மாட்டி, விதைக்கிழங்கு மூட்டைகளை மேட்டு வயலுக்கு இழுத்தேன். ஒரு போகம் முழுக்க இழுத்தேன். புல் வெட்டியது மொத்தம் நாலைந்து தடவைதான் இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகடையாக ஏறி இறங்கினேன். லொறிக்கும் வேனுக்கும் கிடைக்காத பாகமில்லை, இதற்கு மட்டும் கைவிரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து புதுப்பெட்டி எடுக்கக் கேட்ட விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். எஞ்சினை மட்டும் கழற்றித் தண்ணீர்ப் பம்புக்குப் பூட்டியிருக்கிறேன். அது நன்றாக ஓடுகிறது.

பண்டாரவளையிலிருந்து:

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எங்கள் தங்குவிடுதி வண்டி ஒரு நாள் காலை அசையவே இல்லை. பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி, ஆறு பேரைப் பிடித்துத் தள்ளி வேன் ஒன்றில் ஏற்றி, பதுளைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த தம்பி, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியை உள்ளே தள்ளினார். அவ்வளவுதான். கையால் தள்ள வசதியாக ஒயில் அழுத்தத்தைத் திறந்துவிடும் கம்பியாம் அது. முந்தைய நாள் வண்டி கழுவிய பையன் இழுத்துவிட்டிருக்கிறான். அந்தத் தம்பி காசு வாங்கவில்லை. சிரிக்காமல் இருந்ததற்காகவே நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

தலவாக்கலையிலிருந்து, பழைய பட்டறைக்காரர்:

தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் தலை நரைத்தவன் நான். பங்களா வண்டிகளும் என் கையில்தான் வந்து விழும். நுவரெலியாத் தம்பிக்கு ஒன்று கேட்கிறேன்: சரிவை அளந்தீர்களா? இந்த வண்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் 15 பாகைக்கு மேல் ஏற்றாதே என்கின்றன. அளப்பது சுலபம். ஒரு மீற்றர் பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 27 சென்ரிமீற்றர் என்றால் 15 பாகை. அதைத் தாண்டிய இடத்தில் பெட்டியைவிட உங்கள் கழுத்தைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். குறுக்கே ஓட்டாதீர்கள், நேராக ஏறி நேராக இறங்குங்கள்.

அடுத்தது, ஆயுளை ஆண்டில் கணக்கிடுவது வீண். ஒரே வகை வண்டி இரண்டைப் பார்த்திருக்கிறேன். சமதரையில் ஓடியது 700 மணித்தியாலம் தாண்டியும் முனகவில்லை, மேட்டுப் பங்களாவில் ஓடியது 300இல் மூச்சு வாங்கியது. கம்பு போட்டு மாற்றும் பழைய கியர் வண்டி இன்னொரு சாதி. எண்பதுகளில் வந்த ஒன்றுக்கு நான் பெல்ட் மாற்றியதுதான் அதிகம், பல்சக்கரத்தை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஆனால் அதில் சரிவின் நடுவே கியர் மாற்ற முடியாது. மேட்டில் ஏறுமுன்பே எந்தக் கியர் என்று தீர்மானித்துவிட வேண்டும். மறந்தவர்களை ஹைட்ரேஞ்சியாப் புதருக்குள்ளிருந்து தூக்கியிருக்கிறேன்.

காந்தத்தில் தூள் ரோமம்போல் இருந்தால் பயப்படாதீர்கள், அது தேய்மானம். துண்டு துண்டாக இருந்தால்தான் முடிவு.

ஹட்டனிலிருந்து:

விற்றுவிட்டேன். தோளில் மாட்டும் புல்வெட்டிதான் எங்கள் மேட்டுக்குச் சரி. இதில் போவது என் முதுகு மட்டுமே.

நுவரெலியாவிலிருந்து, மீண்டும்:

ஐயா சொன்னபடி நேற்று மழை விட்ட நேரத்தில் பலகையோடு இறங்கினேன். மேல்சரிவு 22 சென்ரிமீற்றர். கீழ்ச்சரிவு 34. மகன் நம்பாமல் இரண்டாம் தடவை அளந்தான், 35 வந்தது. ஏழு வருடம் அந்த இடத்தில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன்.

கீழ்ப்பகுதியை வேலி போட்டுப் பிரித்தாயிற்று. பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பசு வளர்க்கும் அக்கா காலையில் ஓட்டிக்கொண்டு வருகிறார், மாலையில் அரைப் போத்தல் பால் தந்துவிட்டுப் போகிறார்.