பெரியப்பாவின் பாட்டுக் குறிப்பேடு: 1980களின் ராக் மதுக்கூடங்களை அறிந்தவர்கள் உதவுங்கள்

தோ பாயோ மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், அண்மையில் காலமான என் பெரியப்பாவின் தோ பாயோ வீட்டைக் காலி செய்தபோது, அலமாரியின் அடித்தட்டில், பழைய தீபாவளி மலர்களுக்கும் மின்கட்டண ரசீதுகளுக்கும் இடையில் நீல அட்டை போட்ட பள்ளிக்கூடக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் "1986, தங்ளின், வெள்ளி சனி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பெரியப்பா பகலில் துறைமுகத்தில் வேலை பார்த்தார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். வார இறுதிகளில் எங்கோ ஆங்கில இசைக்குழு ஒன்றில், வழக்கமான டிரம்மர் வராத நாள்களில், டிரம் வாசிக்கப் போவார் என்பதைப் பாட்டி யாரையும் வாய்விட்டுப் பேச விட்டதில்லை. "குடிக்கிற இடத்துக்குப் போகிறான்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவரும் அதைப் பற்றி எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் இருக்கும்போதே கேட்காமல் விட்டோமே என்ற வருத்தம்தான் இதை எழுத வைத்தது.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கமும் கோடு போட்டு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் 45 என்ற எண் இருக்கிறது. ஆங்கிலப் பாடல்களின் முதல் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறார். சில பாடல்களுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியும், வேறு சிலவற்றைச் சுற்றி வட்டமும் போட்டிருக்கிறார். தங்ளின் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் இருந்த மதுக்கூடங்கள் எவை, அங்கே ஓர் இரவு எப்படி நடக்கும், இந்தக் குறிகளுக்கு என்ன பொருள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாலு தந்தி பதில்:

தங்கைக்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் 1982 முதல் பதினொரு ஆண்டுகள் இத்தகைய கூடங்களில் பேஸ் கித்தார் வாசித்தவன். உங்கள் பெரியப்பாவை நேரில் அறிந்தேனா என்று இந்த விவரங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்று கட்டங்களும் 45 என்ற எண்ணும் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஓர் இரவு என்பது மூன்று செட் (தொடர்ந்து வாசிக்கும் பகுதி), சில இடங்களில் நான்கு. ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், இடையில் ஓய்வு. முதல் செட்டில் மேசைகள் பாதிதான் நிறைந்திருக்கும் என்பதால் மென்மையான பாடல்கள், இரண்டாவதில் ஆடத்தக்கவை. மூன்றாவதில்தான் ராக் முழு வேகத்தோடு வரும்.

தங்ளின் என்றாலே எங்கள் காலத்தில் முதலில் நாக்கில் வரும் பெயர் தங்ளின் கடைத்தொகுதியில் இருந்த 'எனிவேர்'. அங்கே நிரந்தரக் குழுவாகப் பல ஆண்டுகள் வாசித்த 'தானியா'வைக் கேட்கக் கூட்டம் அலைமோதும். பாடகர் ஆல்பன் டி சூசா பளபளக்கும் உடைகளில் மேடைக்கு வந்து நின்றாலே கூடம் அதிரும். ஜுல் சுத்தானின் கித்தாரைக் கேட்பதற்காகவே என்னைப் போன்றவர்கள் எங்களுக்கு வேலை இல்லாத இரவில் பின்சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறோம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், மிங் ஆர்க்கேடில், 'ரெயின்போ' இருந்தது. ஆர்ச்சர்ட் பிளாசாவில் 'ஃபயர்' இருந்தது. கஸ்கடன் சாலையில் ஹார்ட் ராக் கஃபே வந்தது 1990இல்தான், ஆகவே அது உங்கள் குறிப்பேட்டின் காலத்துக்குப் பிந்தியது.

இந்தக் கூடங்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் வாசித்த பிறகு, கித்தார் வாங்காத தெருவே இல்லை என்று என் மூத்த அண்ணன் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீர் நடன நிகழ்ச்சிகள், வார நாள்களில் பிரிட்டிஷ் படைத்தளங்களின் மன்றங்கள் என்று அக்காலக் குழுக்களுக்கு ஓயாத வேலை இருந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, கேட்பவர்களில் பெரும்பகுதியும் கப்பலேறிவிட்டார்கள். அதே காலத்தில் ஆண்களின் நீண்ட முடிக்கு எதிரான அரசாங்க இயக்கமும் தொடங்கியது. புருவத்தைத் தொடும் முடி, காதை மறைக்கும் முடி, சட்டைக் காலரைத் தாண்டும் முடி என்று படம் வரைந்து, அப்படி வருபவர்கள் அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 1972இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலின் முடியின் காரணமாகவே இங்கே வாசிக்க முடியாமல் திரும்பியது. அந்த வறண்ட பத்தாண்டைத் தாங்கி நின்ற வாத்தியக்காரர்கள்தாம் 1980களில் ஹோட்டல்களிலும் கடைத்தொகுதிகளிலும் இருந்த மதுக்கூடங்களை உயிரோடு வைத்திருந்தார்கள். ஆகவே நீங்கள் கேட்கும் கதை ஏதோ குடிகாரர்களின் கதை அன்று, வேலை பார்த்தவர்களின் கதை. உங்கள் பாட்டி காலத்தில் இதை எடுத்துச் சொல்ல எங்கள் வீடுகளிலும் ஆள் இல்லை.

முரட்டுத்தனம் இருந்தது உண்மைதான். எண்ணெய்க் கிணற்று மேடைகளில் வேலை செய்துவிட்டுக் கரைக்கு வந்த வெள்ளைக்காரர்கள், கப்பல்காரர்கள், சம்பள நாளில் வரும் நம் ஆள்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எல்லாரும் மூன்றாவது செட்டுக்குள் ஒரே குரலாகிவிடுவார்கள். மேசையைத் தட்டும் சத்தம் டிரம்மை மீறும். ஒரு சனிக்கிழமை இரவு மேடைக்கு இரண்டடி முன்னால் ஒருவர் மற்றவரின் தோளில் பீர்க் குவளையால் அடித்தார். குவளை உடைந்து என் கால்மிதிக் கருவிகள் எல்லாம் நனைந்துவிட்டன. எங்கள் குழுத் தலைவர் திரும்பிப் பார்த்து, "நிறுத்தாதே" என்று உதட்டை மட்டும் அசைத்தார். இசை நின்றால் கூடம் முழுவதும் சண்டையைத்தான் பார்க்கும், ஓடிக்கொண்டிருந்தால் பாதிப் பேர் மேடையைப் பார்ப்பார்கள் என்பது இத்தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். வாயிற்காப்பாளர்கள் இருவரையும் வெளியே கொண்டுபோகும்வரை அதே தாளக்கட்டை நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தோம். டிரம்மர் கையில் மட்டும் தடுமாற்றமே இல்லை. அப்படிப்பட்ட இரவில் மாற்று ஆளாக உட்கார, பாடல்கள் தெரிந்தால் மட்டும் போதாது.

கீழ்நோக்கிய அம்பு, பாடகரின் தொண்டை களைத்த பிறகு அரைச் சுருதி இறக்கி வாசித்த பாடல்களைக் குறிக்கும் என்று நினைக்கிறேன். வட்டம், வாடிக்கையாளர்கள் கைத்துடைப்புத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பிய வேண்டுகோள் பாடல்களாக இருக்கலாம்.

ஆர்மேனியன் தெரு பதில்:

நாலு தந்தி அண்ணன் எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆயினும் சிங்கப்பூர் ராக் இசையின் நினைவு என்றால் அது மதுக்கூடங்களில் தொடங்கி மதுக்கூடங்களிலேயே முடிந்துவிடுகிறது என்று எண்ணம் வந்துவிடக் கூடாது. அங்கே வாசித்தவர்கள் பெரும்பாலும் பிறர் பாடல்களையே வாசித்தார்கள். கூட்டம் கேட்டது அதைத்தான், முதலாளி சம்பளம் கொடுத்ததும் அதற்குத்தான். சொந்தப் பாட்டை எழுதிய பதினெட்டு வயதுப் பையன்களுக்கு அந்த மேடைகளில் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை.

எங்களுக்கு இடம் கொடுத்தது ஆர்மேனியன் தெரு 45ஆம் எண்ணில் இருந்த 'சப்ஸ்டேஷன்'. பழைய மின் துணைநிலையக் கட்டடத்தில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய கலை இல்லம் அது. அதன் தோட்டத்தில் ஞாயிறு பிற்பகலில், வெயில் மண்டையைப் பிளக்க, மதுவே இல்லாமல் பங்க் குழுக்களும் மெட்டல் குழுக்களும் வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். கருப்புச் சட்டையோடு நின்ற தமிழ், மலாய், சீனப் பையன்கள் மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடுவார்கள். விழுந்தவனைத் தூக்கிவிட நான்கு கைகள் நீளும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அடிதடியாகத் தெரிந்தது. 'ஸ்லாம் டான்ஸ்' எனப்பட்ட அந்த ஆட்டத்துக்கு 1990களின் முற்பகுதியில் தடையும் வந்தது. 1985இல் தொடங்கிய 'பிக் ஓ' இசை இதழ் இக்குழுக்களைப் பற்றி விடாமல் எழுதியிராவிட்டால், 'ஆட்ஃபெல்லோஸ்' போன்ற சொந்தப் பாடல் குழுக்கள் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது ஐயமே. 2005இல் அந்தத் தோட்டம் 'டிம்பர்' என்ற நேரடி இசை உணவகமாக மாறியது. நல்ல உணவகம்தான், நல்ல குழுக்களும் வாசித்தன. ஆனால் இருக்கைக்குப் பணம் கொடுக்க முடியாத பையனுக்கு அங்கே நிற்க இடம் இல்லாமல் போயிற்று. 2021இல் சப்ஸ்டேஷனும் அக்கட்டடத்தை விட்டு வெளியேறியது. உங்கள் பெரியப்பா அந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தால் எங்களுக்கு நிறையச் சொல்லித் தந்திருப்பார் என்றே தோன்றுகிறது, ஏனென்றால் எங்கள் டிரம்மர்களில் ஒருவருக்குக்கூட முறையான ஆசான் இல்லை.

குச்சிக்காரர் பதில்:

கோயில் ஊர்வலங்களில் உறுமி வாசித்துப் பழகி, பிறகு டிரம்முக்கு வந்தவன் நான். அம்புக்குறி பற்றி நாலு தந்தி அண்ணன் சொன்னதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. டிரம்மருக்குப் பாட்டின் சுருதியை எழுதி வைக்க வேண்டிய தேவை இல்லை. தந்தி வாசிப்பவரும் பாடுபவரும் சுருதியை இறக்கினாலும் ஏற்றினாலும் எங்கள் கைக்கு ஒன்றே. கீழ்நோக்கிய அம்பு என்றால் அடக்கி வாசி என்றுதான் நான் எழுதுவேன். குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய ஒலிக்கான கம்பித் துடைப்பத்தைக் கையில் எடுக்க வேண்டிய இடம் அது. அந்த அம்புகள் எந்த செட்டில் அதிகமாக வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொண்டை களைப்பது மூன்றாவதில், அடக்கி வாசிப்பது முதலாவதில்.

டன்லப் மாடிவீடு பதில்:

என்னுடைய நினைவு சற்றுப் பிந்திய காலத்தது. 2000களில் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்), டன்லப் ஸ்திரீட்டில், ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தேன். சற்றுத் தள்ளி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' இருந்தது. கீழே ஆஸ்திரேலிய பாணி மதுக்கூடம், மேலே முதுகுப்பைப் பயணிகள் தங்கும் விடுதி. உள்ளூர்க் குழுக்களைத் தங்கள் சொந்தப் பாடல்களை வாசிக்க விட்ட சில மதுக்கூடங்களில் அதுவும் ஒன்று என்பதை ஆர்மேனியன் தெரு நண்பருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அதே தெருவில்தான் அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் இருக்கிறது. மாலையில் தொழுகை முடிந்து வருவோரும், மளிகைச் சாமான் பைகளோடு நடக்கும் நம் தொழிலாளர்களும், தோளில் கித்தாரோடு வரும் பையன்களும் ஒரே நடைபாதையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போவதைச் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். சத்தம் தாங்காத இரவுகளும் இருந்தன, மறைக்கவில்லை. என் மகன் கைக்குழந்தையாக இருந்த மாதங்களில் பேஸ் ஒலி சுவர் வழியாகத் தொட்டிலுக்கு வந்தது. ஆனால் கீழே போய்ச் சொன்னபோதெல்லாம் கதவைச் சாத்தி ஒலியைக் குறைத்தார்கள்.

2007 ஜூலையில் மதுக்கூடங்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்ததும் பாதிக் கூட்டம் வாசலுக்கு வந்தது, தெருவே கூடத்தின் நீட்சியானது. 2015 ஏப்ரலில் வந்த சட்டம் இரவு 10.30க்குப் பிறகு பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. தேக்காவில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். இங்கே நடந்த 2013 டிசம்பர் கலவரத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் அதன் காரணம் எனக்குப் புரிகிறது. 2020 மார்ச் இறுதியில் கிருமித்தொற்றால் எல்லா மேடைகளும் அடங்கின. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் நேரடி இசை திரும்ப ஈராண்டு ஆயிற்று. இடங்கள் மூடப்பட்டதைவிட, வாத்தியத்தை விற்றுவிட்டு உணவு விநியோகத்துக்குப் போன கலைஞர்களை நினைத்துத்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

தோ பாயோ மகள் பதில்:

அனைவருக்கும் நன்றி. குச்சிக்காரர் சொன்னபடி நேற்றிரவு உட்கார்ந்து எண்ணினேன். பிரிக்க முடிந்த 31 பக்கங்களில் அம்புக்குறி போட்ட பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் கட்டத்தில்தான் வருகின்றன. மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. வட்டம் போட்டவை பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில், அதுவும் வரிசைக்கு வெளியே, ஓரத்தில் இடுக்கி எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே அவை வேண்டுகோள் பாடல்கள் என்று நாலு தந்தி அண்ணன் சொன்னதும் பொருந்துகிறது. பின் அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் சிறு கணக்கு ஒன்று இருப்பதையும் இப்போதுதான் கவனித்தேன்: "35, டாக்சி 6, பரோட்டா 2, அம்மாவிடம் 20". இரவு வாசித்த கூலியில் பெரும்பகுதியைப் பாட்டியிடமே கொடுத்திருக்கிறார். அது எங்கிருந்து வந்த பணம் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

தங்ளின் கடைத்தொகுதி 2022இல் 868 மில்லியன் வெள்ளிக்கு மொத்தமாக விற்கப்பட்டது என்று செய்தியில் படித்தபோது, அது எங்கள் குடும்பத்தோடு தொடர்புடைய கட்டடமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியப்பா வாசித்தது அங்கேயா, மிங் ஆர்க்கேடிலா, இரண்டும் அல்லாத வேறு சிறிய கூடத்திலா என்பது இன்னும் தெரியவில்லை. ஏழு பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கிழியாமல் பிரிக்கும் முறை யாருக்காவது தெரியுமா? நாலு தந்தி அண்ணன் அனுமதித்தால், பிரித்த பக்கங்களைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். பாடல் வரிசையைப் பார்த்தால் எந்தக் குழுவின் பட்டியல் என்று உங்களுக்குப் பிடிபடக்கூடும்.