தோட்டத்துக் குளத்துல பார்த்த ஒரு விஷயம், இன்னும் மனசை விட்டுப் போகலையா? இங்க சொல்லுங்க

அல்லிக்குளம்:
குளம் வெட்டி தண்ணி நிரப்பி வந்த முதல் மழை. ராத்திரி முழுக்க தவளை கத்துது, தூக்கமே இல்ல, ஆனா அவ்ளோ சந்தோஷம். விடிஞ்சதும் ஓடிப் போய் பாத்தா அல்லி இலைக்கு அடியில முட்டை, கண்ணாடி மணியா ஒட்டிக் கிடக்கு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கடுகளவு கருப்புப் புள்ளி. போட்டோ எடுக்கலாம்னு உள்ள போய் போனை எடுத்துட்டு வரேன், அதுக்குள்ள ஏழு கோல்டுஃபிஷும் அங்க நிக்குது. அந்த வழவழப்பை வாயால இழுத்து இழுத்து உறிஞ்சுது, ப்ச் ப்ச்னு கரையில நின்ன எனக்கே கேக்குது. கைய விட்டு விரட்டினேன், போயிட்டு திரும்ப வந்துச்சு. பத்து நிமிஷத்துல இலை சுத்தமாயிடுச்சு. மீனைத் திட்ட முடியல, அதுக்கு அது தீனி. ஆனா தவளைக்குன்னு தான் நான் குளமே வெட்டினேன், மீன் கொசுப்புழுவுக்காக அப்புறமா விட்டது. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

தும்பிப்பிரியை:
எனக்கு நடந்தது அப்படியே தலைகீழ். மீனே விடல, ஆனாலும் தலைப்பிரட்டை நாளுக்கு நாள் குறையுது. ஒரு நாள் வெள்ளைத் தட்டுல தண்ணி மோந்து வெச்சு உத்துப் பாத்தேன். சேறு கலர்ல ஒரு பூச்சி அசையாம கிடந்துச்சு, பக்கத்துல ஒரு தலைப்பிரட்டை நீந்தி வந்துது, அவ்ளோதான், மடக்கி வெச்சிருந்த கீழ்த்தாடையை கை மாதிரி விருட்டுன்னு நீட்டிப் பிடிச்சிடுச்சு. தட்டானோட குஞ்சு தான் அது! எடுத்து வெளிய போட்டுடலாமான்னு ரொம்ப நேரம் நின்னேன், மனசு வரல, திரும்ப குளத்துலயே விட்டுட்டேன். சில வாரம் கழிச்சு ஒரு விடியக்காலை, கோரைத் தண்டுல ஒண்ணு ஏறி உக்காந்து முதுகு பிளந்து தட்டான் வெளிய வந்துச்சு, றெக்கை கசங்கின காகிதமாட்டம். அது காஞ்சு பறக்கற வரைக்கும் நான் நகரல. நான் விட்ட அதே பூச்சியான்னு தெரியாது. கழட்டிப் போட்ட கூட்டை டப்பாவுல பத்திரமா வெச்சிருக்கேன்.

ஆழம்நாலடி:
அல்லிக்குளம் நண்பரே, மீன் இருந்தா தவளை வாழாதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. தேரை முட்டை நீள மாலையா இருக்கும், அதோட தலைப்பிரட்டை கசக்கும், நிறைய மீன் வாயில போட்டுட்டு துப்பிடும். தவளை முட்டை தான் மாட்டிக்கும்.

என் கதை சின்னது. நல்ல வெயில் காலம், விடியறதுக்கு முன்னாடி எழுந்து போனா எல்லா மீனும் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குது. பெருசு மூணும் போயிடுச்சு, சின்னது எல்லாம் தப்பிச்சுது. தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு, செடி நிறைய இருக்கு, ஆக்ஸிஜனுக்கு என்ன குறைன்னு நினைச்சிட்டிருந்தேன். செடியும் பாசியும் பகல்ல தான் ஆக்ஸிஜன் விடும், ராத்திரி அதுவும் சேர்ந்து இழுத்துக்கும், அதனால விடியறதுக்கு முன்னாடி தான் ரொம்பக் குறைவு. சூடு ஏற ஏற தண்ணி பிடிச்சு வெக்கறதும் கம்மி, 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் போல, 30 டிகிரியில ஏழரை தான். கரண்டை மிச்சம் பிடிக்கறேன்னு ஏர் பம்பை ராத்திரி நிறுத்தாதீங்க. அப்புறம் ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாய்த் தண்ணில கழுவாதீங்க, குளத்துத் தண்ணியையே பக்கெட்ல மோந்து அலசுங்க, மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை உடைக்கற பாக்டீரியா அதுல தான் குடியிருக்கு, குழாய்த் தண்ணி குளோரின் அதைக் கொன்னுடும். தண்ணி பச்சையானா மொத்தமா மாத்தாதீங்க, புதுத் தண்ணி ஊத்தினா திரும்பவும் பச்சையாகும், பாதிக்கு மேல நிழல் விழற மாதிரி இலை படரட்டும், தீனியைக் குறைங்க. குழாய்த் தண்ணியை ரெண்டு நாள் திறந்து வெச்சா குளோரின் போயிடும், அப்புறம் ஊத்துங்க.

ஈரமண்:
மேல சொன்னதுல கடைசி விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். அதை நம்பித்தான் நான் இழந்தேன். ரெண்டு நாள் இல்ல, மூணு நாள் வெச்சேன், ஊத்தினேன், சாயங்காலம் மீன் எல்லாம் பக்கவாட்டுல சாஞ்சு சாஞ்சு நீந்துது, செவுள் பட படன்னு அடிச்சுக்குது. என் குழாய்ல வர்றது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, அது சும்மா வெச்சா லேசுல போகாதாம், எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது. உங்க தண்ணில எது கலக்கறாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்குச் சரியான டீகுளோரினேட்டர், அதாவது அதை முறிக்கற மருந்து, கலந்து ஊத்துங்க. ஒண்ணு கூட பிழைக்கல. இன்னும் அந்தக் குளத்துல மீன் விடல நான். அல்லிக்குளம் சொன்னது தவளை முட்டை பத்தி, இவ்ளோ எழுதினதுக்கு மன்னிச்சிடுங்க, ஆனா இதைப் படிச்சிட்டு யாராவது அப்படியே செஞ்சுடக் கூடாது.

செங்கல்வரப்பு:
எனக்கு மீனும் இல்ல தவளையும் இல்ல. அணில். ஒரே ஒரு நாள் வீட்ல இல்ல. வந்து பாத்தா மிதக்குது. நாலு பக்கமும் செங்குத்தா லைனர் ஷீட், மேல வழுக்கற பாசி. அந்தப் பாசியில குளத்தைச் சுத்தி ஒரு சுத்து முழுக்க நகக் கீறல். ஏறப் பாத்து ஏறப் பாத்து சுத்தி வந்திருக்கு. தயவுசெஞ்சு ஒரு பக்கமாவது கல்லு அடுக்கி சரிவு விடுங்க.

அல்லிக்குளம்:
செங்கல்வரப்பு, உங்களுதைப் படிச்ச அன்னிக்கே கல்லு அடுக்கிட்டேன். மீனை எங்கயும் கொண்டு போய் விட மனசில்ல, ஏரி குளத்துல விட்டா அங்க இருக்கறதுக்கு கேடு. அதனால பக்கத்துலயே ஒரு சின்னத் தொட்டி பதிச்சேன், ஒரு ஜாண் ஆழம், மீன் கிடையாது, குளத்துத் தண்ணியே ஊத்தினேன். நேத்து மழை. தவளைங்க தொட்டியைத் திரும்பிக் கூட பாக்கல, பெரிய குளத்துலயே தான் கத்துச்சு. இருட்டோட டார்ச் எடுத்துட்டுப் போய் இலையோட சேர்த்து முட்டையை மோந்து தொட்டியில விட்டேன், பாதி தான் கிடைச்சுது, மீதிக்கு மீன் எனக்கு முன்னாடியே வந்துடுச்சு. இப்போ அந்தக் கருப்புப் புள்ளி லேசா நீண்டிருக்கற மாதிரி தெரியுது. மணிக்கு ஒரு தடவை போய் குனிஞ்சு பாத்துட்டு வரேன்.