அச்சத்தில் கை நடுங்குவதற்கு என்ன சொல்?

கயல்:
வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடும் அச்சத்திலும் மன அழுத்தத்திலும் கை நடுங்குவதற்கு ஒரு பெயர் வேண்டும். ‘நடுக்கம்’ என்று மட்டும் போட்டால் படிப்பவர் நேரே நடுக்குவாதத்தை, அதாவது பார்க்கின்சன் நோயை நினைத்துக்கொள்கிறார். பயம் கூடினால் கை இன்னும் நடுங்கும். பெயரே நோயை வளர்க்கக் கூடாது.

பாரி:
விடை தொல்காப்பியத்தின் உரியியலில் இருக்கிறது: “அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்.” ஆகவே அச்சவிதிர்ப்பு. அதே இயல் பேம், நாம், உரும் மூன்றையும் அச்சப் பொருளில் வைக்கிறது. சிலப்பதிகாரத்தின் ‘நாமநீர் வேலி’ நினைவிருக்கும், நாமநீர் என்றால் அஞ்சத்தக்க கடல். நாமவிதிர்ப்பு என்றால் இன்னும் செறிவு. உருமும் உரும் என்கிற இடியும் ஒரே வேரா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

தென்றல்:
ஐயா, நாமம் என்றால் இன்று பெயர். விதிர்ப்பும் அச்சத்துக்கே உரியதன்று. “மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து” என்று மணிவாசகர் பாடியது பக்தியில் வந்த நடுக்கம். நான் மருத்துவர். என்னிடம் வருகிறவர்கள் ‘கை உதறுது’ என்றுதான் சொல்கிறார்கள். உதறல் போதாதா?

கயல்:
அக்கா, ‘அவனுக்கு உதறல் எடுத்துடுச்சு’ என்பது கோழையைக் கேலி செய்யும் பேச்சு. கையெழுத்துப் போடும்போது பேனா ஆடுவதைக் கண்டு ஏற்கெனவே கூசிப்போயிருப்பவரிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

தென்றல்:
சரி, நியாயம்தான். அப்படியானால் விளக்கத்தையாவது தெளிவாக எழுதுங்கள். எல்லார் கையிலும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் எப்போதும் உண்டு, விநாடிக்கு 8 முதல் 12 முறை வரை. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் தசைகளைத் தூண்டும்போது அதுவே கண்ணுக்குத் தெரிகிறது. கையை நீட்டினால், ஊசியில் நூல் கோத்தால் நன்றாகத் தெரியும். நடுக்குவாதத்தில் பெரும்பாலும் கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் ஆடும். வேகமும் குறைவு, 4 முதல் 6. என் பரிந்துரை: பதட்ட நடுக்கம்.

பாரி:
பதட்டம் பிழை. பதறு என்பதிலிருந்து பதற்றம்தான் வரும். அச்சிலாவது றகரத்தைக் காப்பாற்றுவோம்.

தென்றல்:
பதற்றமே இருக்கட்டும், தடையில்லை.

மருதன்:
எனக்கு வேறொரு தடை. காபி மிகுந்தாலும், இரத்தச் சர்க்கரை இறங்கினாலும், தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே நடுக்கம் பெரிதாகும். எப்போதும் இருப்பது இயல்நடுக்கம், பெரிதானால் மிகைநடுக்கம். இப்படி இணையாக வைத்தால் காரணத்தை முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

கயல்:
பாடநூலுக்கு அது அருமை. ஆனால் ‘மிகை’ என்று கண்டதும் முற்றிவிட்டதோ என்று ஒருவர் கலங்குவாரே! கையேட்டில் ‘பதற்ற நடுக்கம்’ போடுகிறேன். அடுத்த வரியிலேயே ‘இது நடுக்குவாதம் அன்று, பதற்றம் தணிந்தால் தணியும். தணியாமல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்று வரும்.

மருதன்:
அந்த வரி இருந்தால் எனக்குச் சம்மதம். இயல்நடுக்கத்தைச் சொற்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பாரி:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. பதற்றம் மனத்தின் நிலை, விதிர்ப்பு உடலின் செயல். அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.