கிட்டார் இல்லாத குழு நல்ல இசை தருமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆறு தந்தி (திருச்சி)

மணப்பாறைக்கு அருகே ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் கேட்ட கச்சேரி இன்னும் என்னை விட்டு அகலவில்லை. பதினெட்டு ஆண்டுகள் நான் லீட் கிட்டார் வாசித்த மெல்லிசைக் குழு அது. கிட்டாருக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டாம், அந்தப் பகுதிகளையும் கீபோர்டிலேயே வாசித்துவிடலாம் என்று முடிவெடுத்து என்னை நிறுத்திவிட்டார்கள்; குழுவின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. நான் இல்லாத மேடை எப்படி இருக்கிறது என்று பார்க்க, யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிப் போய், வளையல் கடைகளின் ஓரமாக நின்றுகொண்டேன்.

இளையராஜாவின் இசையில் 1982இல் வந்த அந்தப் பாட்டைப் பத்தரை மணிக்கு எடுத்தார்கள். எந்தப் பாட்டு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிட்டார் தனியாகத் தொடங்கி வைக்கும்போதே கூட்டம் கைதட்டுமே, அதுதான். கீபோர்டில் நைலான் கிட்டார் டோனை வைத்துக்கொண்டு அந்தத் தம்பி தொடங்கினார். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஆனால் ஒரு கார்டிலிருந்து (சுரக்கூட்டிலிருந்து) அடுத்த கார்டுக்கு விரல் நகரும்போது தடித்த கம்பியில் ஒரு சிறு கீச்சொலி எழும் அல்லவா, அது மட்டும் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் குறையவில்லை.

என்னை உறுத்துவது அதுவும் அல்ல. முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், மூலப் பாட்டில் இல்லாத எட்டுச் சுர ஓட்டம் ஒன்றை நான் மேடையில் சேர்த்து வாசிப்பது வழக்கம். அந்த இடம் வந்தபோது, தோள்பையின் வார்மீது என் இடக்கை விரல்கள் தாமாகவே நகர்ந்தன. மேடையில் கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். வெறுமையாக நின்ற அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் தபேலாக்காரர் ஒரு சிறு உருட்டு வைத்தார். அது என் ஓட்டத்தைவிட நன்றாக இருந்தது. நான் அந்த இடத்தை விடாமல் அடைத்துவந்ததால்தான் இத்தனை ஆண்டுகள் அது அவருக்கு வாய்க்காமல் போயிற்றோ என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினேன். ஒரு குழுவுக்குக் கிட்டார் தேவைதானா? இப்படி ஏதேனும் உங்களுக்கு நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

இரட்டைக் கீபோர்டு (ஈரோடு)

அண்ணா, அந்த மேடையில் கையை எடுத்தவர் நான் அல்ல. ஆனால் நானும் அப்படி எடுப்பவன்தான். பெருந்துறையில் ஒரு திருமண வரவேற்பு. கிட்டார் வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தபோது கச்சேரிக்கு நாற்பது நிமிடங்களே இருந்தன. பட்டியலில் பாதிப் பாட்டுகள் கிட்டாரை நம்பியவை. ஈ மேஜர் கார்டைக் கிட்டாரில் பிடித்தால் கீழிருந்து மேலாக ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ என்று ஆறு கம்பிகளும் பரவலாகப் பேசும். நாங்களோ பழக்கத்தில் ஈ, ஜி ஷார்ப், பி என்று மூன்றையும் நெருக்கி ஒரே நேரத்தில் அமுக்கிவிடுவோம். டோன் கிட்டாராக இருந்தும் ஒலி கிட்டாராக இல்லாமல் போவது அதனால்தான். அன்று மண்டபத்துச் சமையற்கட்டின் பின்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆறு சுரங்களையும் இரண்டு கைகளுக்குப் பிரித்து, கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்வதைப்போல விரல்களை வரிசையாக விழவைத்துப் பழகினேன். இழுவைகளுக்கு, சுரத்தை வளைக்கும் பிட்ச் வீல் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மணமகளின் தம்பி மேடைக்குப் பின்னால் வந்து, கிட்டார் வாசிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு இடையே தேடினான். அந்தக் கணத்தில் நான் அடைந்த பெருமையை மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த முகூர்த்தத்திலிருந்து அந்தக் கிட்டார் கலைஞரை அழைக்கவே இல்லை. அவருக்குக் கொடுத்துவந்த சம்பளம் எனக்கும் வரவில்லை. என் விரல்கள் ஒருவருடைய பிழைப்பை எடுத்துவிட்டன என்பது இன்றுவரை உறுத்துகிறது.

இருந்தாலும் இசை என்று மட்டும் பார்த்தால், ஒரு கருவியின் வேலையை இன்னொன்று செய்வது குற்றம் ஆகாது. 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டோர்ஸ் குழு மேடையில் பேஸ் கிட்டார் கலைஞரையே வைத்துக்கொள்ளவில்லை. ரே மன்சாரெக் வலக்கையால் ஆர்கனும் இடக்கையால் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸும் வாசித்தார். அந்தப் பாட்டுகளில் அடித்தளம் இல்லை என்று யார் சொல்வார்கள்?

சார்ல்ஸ் நதிக்கரை (பாஸ்டன்)

தொண்ணூறுகளின் நடுவில் இங்கே படிக்க வந்த புதிதில், பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜின் சென்ட்ரல் ஸ்கொயரில் உள்ள மிடில் ஈஸ்ட் என்ற இசைக்கூடத்திற்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். வாசித்தது மார்ஃபின் என்ற உள்ளூர்க் குழு. ராக் இசை என்று சொல்லி அழைத்து வந்தவர் ஏமாற்றிவிட்டாரோ என்று நினைத்தேன். ஏனென்றால் மேடையில் மூன்றே பேர், லீட் கிட்டார் இல்லை, ரிதம் கிட்டார் இல்லை. மார்க் சாண்ட்மன் இரண்டே கம்பிகள் கட்டிய பேஸில் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே தணிந்த குரலில் பாடினார். டேனா கோலி பாரிடோன் சாக்ஸபோன் வாசித்தார். மூன்றாமவர் டிரம்ஸ்.

ஒரு பாட்டின் நடுவே கோலி இன்னொரு சாக்ஸபோனையும் எடுத்து, இரண்டின் வாய்ப்பகுதிகளையும் ஒன்றாக வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கையாலும் ஒன்றை வாசித்தார். கன்னங்கள் உப்பிக் கழுத்து நரம்பு புடைத்து நின்றது எனக்கு இப்போதும் கண்ணெதிரே இருக்கிறது. பேஸ், சாக்ஸபோன், குரல் ஆகிய மூன்றுமே கீழ்ஸ்தாயியில் இயங்கியதால், மேலே ஒரு பெரிய வெற்றிடம் திறந்திருந்தது. பாட்டின் சொற்கள் அத்தனை தெளிவாகக் கேட்டதற்கு அந்த வெற்றிடமே காரணம் என்று பிறகுதான் விளங்கியது. 1999 ஜூலை 3 அன்று, ரோமுக்கு அருகே பலெஸ்டிரீனாவில், மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சாண்ட்மன் சரிந்து விழுந்து இறந்தார், வயது 46. செய்தியைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வெற்றிடம்தான்.

ஈரோட்டு நண்பருடன் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. கிட்டாருக்காக எழுதிய பாட்டில் கிட்டாரை எடுத்துவிட்டு வேறொன்றால் அடைப்பது ஒன்று. கிட்டாரே இல்லாமல் பாட்டை எண்ணி எழுதுவது முற்றிலும் வேறொன்று. 2004இல் முதல் ஆல்பம் வெளியிட்ட இங்கிலாந்தின் கீன் குழு பியானோவை நடுவில் வைத்தே பாட்டுகளை எழுதியது. டோனை மாற்றிக் கிட்டார் போலக் காட்ட இவர்கள் முயலவில்லை.

கிளாரினெட் வீடு (கும்பகோணம்)

பேண்டு என்று பேசுகிறீர்கள், பேண்டு வாத்தியக்காரர்கள் ஒருவரைக்கூட யாரும் நினைக்கவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஊரில் பேண்டு என்றால் கிளாரினெட், டிரம்பெட், யூஃபோனியம், சைடு டிரம், பாஸ் டிரம். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேற்கத்திய பேண்டு வைத்திருந்த காலத்தில், 1800களின் தொடக்கத்தில், இன்று நீங்கள் பிடிக்கும் கிட்டாரின் வடிவமே உலகில் முழுமையாக உருவாகியிருக்கவில்லை.

என் அனுபவம் இது. மாப்பிள்ளை அழைப்பை முடித்துவிட்டு நாங்கள் எட்டுப் பேரும் மண்டப வாசலில் சம்பளத்துக்காகக் காத்திருந்தோம். உள்ளே மெல்லிசைக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. அங்கே இரண்டு கிட்டார்கள் இருந்தன. சரணத்தின் பாதியில் மின்சாரம் போயிற்று, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. பாடியவரின் வாய் அசைகிறது, ஒலி இல்லை. அவர்கள் விட்டது டி மைனர். பி ஃபிளாட் கிளாரினெட்டில் அதற்கு ஈ மைனர் விரல்களை வைக்க வேண்டும். உலர்ந்திருந்த ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டு, இருட்டிலேயே சரணத்தின் மீதியை எடுத்தேன். இரண்டாவது வரியில் யூஃபோனியம் சேர்ந்தது, பிறகு சைடு டிரம். வாசலில் தொடங்கி வாசித்துக்கொண்டே உள்ளே நடந்தோம். விளக்கு வந்தபோது, கிட்டாரைக் கழுத்தில் மாட்டியபடியே அந்தப் பையன் எங்களுக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பேஸ் கம்பி (கோயம்புத்தூர்)

பாஸ்டன் நண்பர் சொன்னதை ஏற்க முடியாது. இரண்டு கம்பி பேஸும் கிட்டார்தான். பேஸின் நான்கு கம்பிகளும் கிட்டாரின் கடைசி நான்கு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அதே ஈ, ஏ, டி, ஜி. 1951இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் வேலையைக் கிட்டாரின் உடலுக்குள் கொண்டுவந்தது. ஆகவே மார்ஃபின் கிட்டார் இல்லாத குழு என்பது தவறு. கோயம்புத்தூரில் ஒரு கச்சேரியில் லீட் கிட்டார் வராத அன்று நான் பேஸிலேயே மேல் ஃபிரெட்டுகளில் இடையிசையை வாசித்துச் சமாளித்திருக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

திருச்சி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மனம் தளர வேண்டாம். முதலில் ஒரு நான்கு கம்பி பேஸ் வாங்குங்கள், ஆறு மாதங்களில் கை பழகிவிடும், ஏனென்றால் கீபோர்டின் இடக்கை பேஸ் எல்லா மேடைகளிலும் நிறைவு தருவதில்லை என்று குழுக்காரர்களே இப்போது உணர்கிறார்கள். இரண்டாவதாக, உங்கள் பக்கத்துத் தேவாலயங்களில் விசாரித்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனைகளில் கிட்டார் இன்னும் நடுநாயகமாக இருக்கிறது, அங்கே வாசிக்கும் இளைஞர்களுக்குச் சொல்லித்தர அனுபவமுள்ளவர்கள் தேவைப்படுகிறார்கள். மூன்றாவதாக, பிள்ளைகளை லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்யலாம். எட்டு கிரேடுகள் உண்டு, பெற்றோர் சான்றிதழை விரும்புகிறார்கள், ஆனால் ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக்குறிப்பு) படிக்க உங்களுக்கே பயிற்சி வேண்டியிருக்கும். நான்காவதாக, கம்பியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், கச்சேரி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பழைய கம்பியின் மங்கிய ஒலியைக் கேட்டுத்தான் பல குழுக்கள் கீபோர்டு டோனே மேல் என்று முடிவுகட்டுகின்றன.

குருநகர்ப் பிள்ளை (டொராண்டோ)

கும்பகோணத்து ஐயாவின் பதிவை வாசித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. மின்சாரம் போனால் கிற்றார் ஊமையாகிவிடும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. 1990இன் நடுப்பகுதிக்குப் பிறகு சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரமே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். அந்த ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கையில் இசை என்று ஒன்று இருந்ததென்றால் அது சித்தப்பாவின் மரக் கிற்றார்தான்.

ஒரு நத்தார் காலத்தில், கரோல் பாட ஜாம் போத்தல் விளக்கோடு புறப்படும் நேரத்தில், முதல் கம்பி அறுந்துவிட்டது. மாற்றுக் கம்பிக்கு வழியில்லை. சித்தப்பா சைக்கிளின் பழைய பிறேக் கம்பியை அவிழ்த்து, அதில் ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்துக் கட்டினார். சுருதி நிற்கவில்லை, ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று முறுக்கினார். ஐந்தாவது வீட்டில் விளக்கை உயர்த்திப் பிடித்தபோது, அவருடைய விரல் நுனியிலிருந்து இரத்தம் கசிந்து கிற்றாரின் கழுத்தில் வழிந்திருந்தது. நாங்கள் பாடுவதை நிறுத்தினோம். பிள்ளைகள் பாடுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து வாசித்தார். கிற்றார் இல்லாமலும் பாடியிருக்கலாம்தான். தேவாலயத்தில் ஆர்மோனியம் இருந்தது. ஆனால் ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இருட்டில் நடக்க முடியாது.

ஆறு தந்தி (திருச்சி)

கோவைத் தம்பியின் அறிவுரைகளுக்கு நன்றி. பேஸ் வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. பாஸ்டன் நண்பர் எழுதிய வெற்றிடம் என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் படித்த அன்று இரவே தபேலாக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, மணப்பாறையில் வைத்த அந்த உருட்டு எப்போது தோன்றியது என்று கேட்டேன். நான் வந்து நின்றதே அவருக்குத் தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அது பத்து ஆண்டுகளாகத் தன் விரலில் இருப்பதாகவும், அண்ணனுடைய ஓட்டம் நடுவில் குலைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் கையை அடக்கிக்கொண்டதாகவும் சொன்னார்.

வருகிற வெள்ளிக்கிழமை கிட்டாரை எடுத்துக்கொண்டு திருவெறும்பூரில் அவர் வீட்டுக்குப் போகிறேன். எட்டுச் சுரங்களில் முதல் மூன்றை மட்டும் வாசித்துவிட்டு, மீதியை அவரிடம் விட்டுப் பார்க்க வேண்டும்.