பழைய பிரிட்டிஷ் கார் கம்பெனிங்க எல்லாம் ஏன் காணாம போச்சு?

நாலாம்_கியர் கேட்டது:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா பழைய பிரிட்டிஷ் காருங்க பத்தி தேடித்தேடி படிச்சிட்டு இருக்கேன், பேரை பாத்தாலே தலை சுத்துது. ஆல்விஸ், ஜோவெட், ரைலி, வூல்ஸ்லி, சிங்கர், ஹம்பர், ஹில்மன், ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி, லீ பிரான்சிஸ்... இதுல பாதிக்கு மேல இங்கிலாந்துல கவென்ட்ரிங்கிற ஒரே ஊர்ல இருந்து வந்தது. இன்னிக்கு ரோட்டுல புதுசா ஒண்ணும் கிடையாது. யாரை கேட்டாலும் "பிரிட்டிஷ் லேலண்ட் (பல கார் கம்பெனியை ஒண்ணா சேத்த பெரிய கம்பெனி) வந்துச்சு, ஸ்ட்ரைக் பண்ணியே எல்லாத்தையும் இழுத்து மூடிட்டாங்க"ன்னு ஒரே பாட்டு. ஆனா வருஷத்தை பாத்தா இடிக்குதே. பிரிட்டிஷ் லேலண்ட் வந்தது 1968. ஜோவெட் 1954லயே போயிடுச்சு, ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி 1960ல கார் பண்றதை நிறுத்திட்டாங்க, ஆல்விஸ் 1967ல. அப்ப கார் மட்டமா இருந்துச்சா, இல்ல வேற ஏதாவது கதை இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓவர்டிரைவ்:

கார் மட்டம்னு சொல்லிட முடியாது பாஸ். ஆல்விஸ் 1928லயே முன்சக்கரம் இழுக்குற காரை கடையில வித்தான், அப்புறம் எல்லா கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாம சுலபமா மாத்த உதவுற அமைப்பு) குடுத்த ஆரம்ப ஆளுங்கள்ல அவனும் ஒருத்தன். சின்ன கம்பெனி, கம்மியா பண்ணுவான், காரும் விலை ஜாஸ்தி, அவ்வளவுதான். பெரிய மீன் சின்ன மீனை சாப்பிட்ட கதை, இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு.

தகரம்_தங்கராசு:

இருக்கு ஓவர்டிரைவ், நிறைய இருக்கு. எல்லாரும் இன்ஜினை பத்தியே பேசுறோம், பாடியை பத்தி யாரும் பேச மாட்டேங்கிறாங்க. என்னை கேட்டா இந்த கம்பெனிங்கள்ல பாதியை கொன்னது தகரம்தான்.

விஷயம் என்னன்னா, இந்த சின்ன கம்பெனிக்காரங்க இன்ஜின் பண்ணுவாங்க, சேஸிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) பண்ணுவாங்க, ஆனா பாடி வெளியில இருந்துதான் வரும். ரெண்டாம் உலகப்போருக்கு முன்னாடி பிரச்சினை இல்ல, மர சட்டத்துல கையால தகரம் அடிச்சு பாடி கட்டுற கடைங்க ஏகப்பட்டது இருந்துச்சு. போர் முடிஞ்சதும் முழு இரும்பு பாடி வந்துடுச்சு. அதுக்கு ராட்சச பிரஸ் வேணும், ஒவ்வொரு பானலுக்கும் தனி டை (அச்சு) வேணும், அந்த காசுக்கு வருஷத்துக்கு பத்தாயிரக்கணக்குல கார் வித்தாதான் கட்டும். அதனால அந்த வேலை நாலஞ்சு பெரிய கம்பெனிங்க கையில போய் சேந்துடுச்சு. பிரிக்ஸ், பிஷர் அண்ட் லட்லோ, பிரஸ்டு ஸ்டீல், மலினர்ஸ் இப்படி. சின்னவங்க எல்லாரோட குடுமியும் இவங்க கையில.

இப்ப வருஷத்தை பாருங்க. 1953ல பிரிக்ஸை ஃபோர்டு வாங்கிட்டான். அதே வருஷம் பிஷர் அண்ட் லட்லோவை பி.எம்.சி. (ஆஸ்டினும் மோரிஸும் சேந்த கம்பெனி) வாங்கிட்டான். மலினர்ஸை ஸ்டாண்டர்டு (டிரயம்ப் காரும் பண்ண கம்பெனி) 1954ல ஒப்பந்தம் போட்டு மடக்கி, 1958ல மொத்தமாவே எடுத்துக்கிட்டான். டிக்போர்டுன்னு இன்னொரு பாடி கம்பெனியை ஆஸ்டன் மார்ட்டின் முதலாளி டேவிட் பிரவுன் வாங்குனாரு. ஆல்விஸுக்கு சலூன் பாடி வந்தது மலினர்ஸ்ல இருந்து, கூரை மடிக்கிற கார் பாடி வந்தது டிக்போர்டுல இருந்து! ரெண்டும் ஒரே சமயத்துல அடுத்தவன் வீட்டுக்கு போயிடுச்சு. கையில நல்ல இன்ஜின் இருக்கு, நல்ல சேஸிஸ் இருக்கு, மேல மூட ஒண்ணும் இல்ல. ஸ்விட்சர்லாந்துல கிராபர்னு ஒருத்தர் ஆல்விஸ் சேஸிஸ்ல அழகா பாடி கட்டிட்டு இருந்தாரு, அவரோட டிசைனை உரிமை வாங்கி, லஃப்பரோல பஸ் பாடி கட்டுற வில்லோபுரூக் கிட்ட குடுத்து பண்ண பாத்தாங்க. அதுல வந்தது கொஞ்சம் கார்தான். அப்புறம் பார்க் வார்டு கிட்ட போய் ஒரு வழியா நின்னாங்க, ஆனா பார்க் வார்டு ரோல்ஸ் ராய்ஸோட கடை, அந்த விலையில எத்தனை பேர் வாங்குவான்? 1965ல ரோவர் வாங்கிட்டான், ரெண்டு வருஷத்துல கார் நின்னுடுச்சு, ராணுவ வண்டி மட்டும் ஓடுச்சு.

இன்னொண்ணு, டிரயம்ப் ஹெரால்டு 1959ல வந்தது, உலகமே சேஸிஸ் இல்லாத மோனோகாக்குக்கு போயிட்டு இருக்கும்போது இவன் மட்டும் ஏன் தனி சேஸிஸ் வச்சான்னு யோசிச்சிருக்கீங்களா? ஸ்டாண்டர்டு டிரயம்புக்கு பாடி குடுத்துட்டு இருந்த பிஷர் அண்ட் லட்லோ போட்டியாளன் கைக்கு போயிடுச்சு, முழு பாடியா அடிச்சு தர ஆள் இல்ல. அதனால துண்டு துண்டா பல இடத்துல அடிச்சு வாங்கி, சேஸிஸ் மேல வச்சு போல்ட் போட்டு முறுக்குனாங்க. ஹெரால்டு பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா தெரியும், முன்னாடி விங் பானெட்டோட சேந்து மொத்தமா முன்பக்கம் கவுந்து திறக்கும், கூரையையே போல்ட் கழட்டி எடுத்துடலாம்.

ஸ்பேனர்_செல்வி:

தங்கராசு அண்ணே, ஆல்விஸ் கதை ரொம்ப சரி. ஆனா ஜோவெட்டுக்கும் அப்படியே பொருத்திடாதீங்க. "ஃபோர்டு பிரிக்ஸை வாங்கி ஜோவெட்டை சாகடிச்சான்"னு ஊரெல்லாம் சொல்றாங்க, அது பாதி உண்மை. ஜோவெட்டோட ஜேவ்லின் கார் பிரமாதமான டிசைன், ஜெரால்டு பாமர் போட்டது, 1486 சிசி பிளாட் ஃபோர், படுத்த இன்ஜின். அவங்களோட ஸ்போர்ட்ஸ் கார் ஜூபிட்டர் 1950, 51, 52 மூணு வருஷமும் லே மான்ஸ் ரேஸ்ல அதோட கிளாஸ்ல ஜெயிச்சது. பிராட்போர்டுல பால்வண்டி மாதிரி ரெட்டை சிலிண்டர் வேன் பண்ணிட்டு இருந்த கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய தாவல்னு பாருங்க. ஆனா கியர்பாக்ஸை மெடோஸ்ங்கிற கம்பெனி கிட்ட வாங்குறதை விட்டுட்டு நாமளே பண்ணுவோம்னு இறங்குனாங்க, அங்கதான் மாட்டுனாங்க. கியர்பாக்ஸ் தொல்லை, கிராங்க் (இன்ஜினோட முக்கிய தண்டு) உடையுற தொல்லை, பேரு கெட்டுச்சு, விற்பனை படுத்துடுச்சு. டான்காஸ்டர்ல பிரிக்ஸ் பாடி அடிச்சு அடிச்சு குடுக்குறான், இவங்ககிட்ட விக்காத பாடி மலையா குவியுது. பாடி வர்றது நின்னது அதனாலதான், ஃபோர்டு கைக்கு போனது அதுக்கு அப்புறம். ஜேவ்லின் நின்னப்புறமும் ஜூபிட்டர் 1954 வரைக்கும் ஓடுச்சு, ஏன்னா அதோட பாடியை ஜோவெட்காரங்களே கட்டுனாங்க. உங்க தியரிக்கு அந்த ஒரு இடத்துல பலம் இருக்கு, ஒத்துக்கிறேன்.

தகரம்_தங்கராசு:

சரி செல்வி, ஜோவெட்டை விட்டுடுறேன். ஆனா 1965ல பி.எம்.சி. பிரஸ்டு ஸ்டீலை வாங்குனதும் என்ன ஆச்சு பாத்தீங்களா, ஜாகுவாருக்கும் ரோவருக்கும் பாடி அங்க இருந்துதான். 1966ல ஜாகுவார் பி.எம்.சி. கூட சேந்துட்டான், 1967ல ரோவர் லேலண்ட் மோட்டார்ஸ் பக்கம் ஓடிட்டான் (1968ல இதுவும் பி.எம்.சி. பக்கமும் சேந்ததுதான் பிரிட்டிஷ் லேலண்ட்). இது மட்டுமே காரணம்னு சொல்லல, ஆனா சோறு போடுறவன் கை மாறுனா வீட்ல இருக்கிறவன் பயப்படாம என்ன செய்வான்.

நாலாம்_கியர்:

ஆஹா, இப்படி யாரும் சொன்னதே இல்ல அண்ணே. அப்ப ரைலி, வூல்ஸ்லி எல்லாம்? அதுங்க பேரு ரொம்ப நாள் இருந்துச்சே.

ராம்கி_ஆர்.எம்:

பேரு இருந்துச்சு, கம்பெனி இல்ல. வூல்ஸ்லியை 1927லயே திவாலானப்ப மோரிஸ் கம்பெனி முதலாளி வில்லியம் மோரிஸ் வாங்கிட்டாரு, ரைலியை 1938ல, அதுவும் அவரேதான், அப்ப அவருக்கு லார்டு நஃபீல்டுன்னு பட்டம். ரைலி நைன் இன்ஜினை ஒரு தடவை பாருங்க, 1926ல வந்தது, 1087 சிசி, பிளாக்குலயே மேலாக்க ரெண்டு கேம்ஷாஃப்ட் (வால்வை திறக்க வைக்கிற தண்டு), அதுக்கும் வால்வுக்கும் நடுவுல தள்ளுற குட்டி புஷ்ராட், அரைக்கோள ஹெட். ஓவர்ஹெட் கேம் இல்லாமலே அந்த வேலையை வாங்கிட்டாங்க. அப்படிப்பட்ட பேரை கடைசியில எங்க கொண்டு போய் நிறுத்துனாங்க தெரியுமா, மினிக்கு பின்னாடி டிக்கி ஒட்டி ரைலி எல்ஃப்! அதே காரே கிரில் மாத்தி வூல்ஸ்லி ஹார்னெட். அறுபதுகள்ல பினின்ஃபரினா போட்ட ஒரே சலூனை ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி., ரைலி, வூல்ஸ்லின்னு அஞ்சு பேர்ல வித்தாங்க. டீலருங்களை பகைச்சுக்க முடியாம பண்ணது. ஒரே காரை அஞ்சு கடையில வித்தா எந்த பேருக்கு என்ன மரியாதை மிஞ்சும்? ரைலி 1969ல நின்னது, வூல்ஸ்லி 1975ல. வூல்ஸ்லி கிரில்ல பேட்ஜ் மட்டும் ராத்திரியில லைட் போட்டா எரியும், முப்பதுகள்ல ஆரம்பிச்சதை கடைசி வரைக்கும் விடல, அது ஒண்ணுதான் மிச்சம்.

ஓவர்டிரைவ்:

சரி நான் அடங்கிக்கிறேன். ஆனா வரியையும் சேத்துக்கோங்க. 1921ல இருந்து குதிரைசக்திக்கு ஒரு பவுண்டு ரோடு வரி, அந்த குதிரைசக்தியை பிஸ்டன் அகலத்தையும் சிலிண்டர் எண்ணிக்கையையும் மட்டும் வச்சு கணக்கு போடுவாங்க, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம்) எவ்வளவுன்னு கேக்கவே மாட்டாங்க. அதனால மோரிஸ் எய்ட் கார்ல சிலிண்டர் அகலம் (bore) 57 மி.மீ., 90 மி.மீ. ஸ்ட்ரோக், பைப்பு மாதிரி இன்ஜின். உள்ளூர் ரோட்டுக்கு ஓகே, நாள் பூரா வேகமா ஓட்டுற வெளிநாட்டு ரோட்டுல திணறும். 1948ல புது காருக்கெல்லாம் ஒரே 10 பவுண்டுன்னு மாத்துனாங்க, அதுக்குள்ள ஒரு தலைமுறை இன்ஜின் இந்த கணக்குக்கே பொறந்துடுச்சு.

ஸ்பேனர்_செல்வி:

கவென்ட்ரியையே சுத்தாதீங்க, ஸ்காட்லாந்து பக்கமும் வாங்க. கேலோவேன்னு ஒரு கார், டங்லண்ட்ல, அரோல் ஜான்ஸ்டன் குழுமத்தோடது. டோரதி புல்லிங்கர் நடத்துன பேக்டரி, பொண்ணுங்களுக்கு இன்ஜினியரிங் அப்ரென்டிஸ் குடுத்து கார் கட்ட வச்சாங்க, கூரை மேல டென்னிஸ் கோர்ட் வேற. கேலோவே கார் 1928ல நின்னது. இதை பத்தி தனி திரி போடணும்.

நாலாம்_கியர்:

போடுங்க அக்கா, காத்திருக்கேன். இதெல்லாம் நேர்ல பாக்கணும்னா எங்க போகணும்?

ராம்கி_ஆர்.எம்:

கவென்ட்ரி டிரான்ஸ்போர்ட் மியூசியம், அப்புறம் கேடன்ல பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம். ரெண்டும் வார்விக்‌ஷயர் பக்கம்தான், ஆனா ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு கிளம்பாதீங்க, ரெண்டாவதுல பாதியில கால் வலிச்சு உக்காந்துடுவீங்க.