இஸ்கியா தீவின் வெந்நீர் ஊற்றுகள்: மூட்டுவலியுள்ள அம்மாவுக்கு எந்த இடம் ஏற்றது?

கேள்வி

வரும் மே மாதம் அம்மாவை இத்தாலிக்கு அழைத்துச் செல்கிறேன். நேப்பிள்ஸ் வளைகுடாவிலுள்ள இஸ்கியா தீவின் வெந்நீரில் ஒருமுறையாவது நீராட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். முழங்கால் வலியால் அவருக்குப் படியேறுவது கடினம். இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உட்கொள்கிறார். காலையில் சென்று மாலையில் திரும்பினால் போதுமா? சென்றுவந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நேப்பிள்ஸின் மோலோ பெவரெல்லோ துறையிலிருந்து விரைவுப்படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தீவை அடைந்துவிடலாம் என்பதால், ஒரே நாளில் திரும்புவது இயலாத காரியமன்று. ஆனால் வெந்நீரில் ஊறிய உடலுக்கு ஓய்வு தேவை. படகு நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம். மேற்குக் கரையிலுள்ள ஃபோரியோவில் இரண்டு இரவுகளாவது தங்குங்கள். அங்கே சிதாரா கடற்கரையை ஒட்டிய போசைடன் வெந்நீர்க் குளத் தோட்டத்தில் வெவ்வேறு வெப்பநிலைகளில் பல குளங்கள் இருப்பதால், மிதமான நீரிலிருந்து தொடங்கி உடல் ஏற்கும் அளவுக்குச் செல்லலாம். இத்தகைய தோட்டங்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மே மாதம் நல்ல தேர்வு.

பாறைகளுக்கிடையே கடலிலேயே வெந்நீர் ஊறும் சோர்ஜெத்தோ விரிகுடாவைப் பலரும் பரிந்துரைப்பார்கள். கட்டணமில்லாத அழகான இடம்தான். ஆயினும் சாலையிலிருந்து இறங்க 200க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

மறுமொழி 2

இரத்த அழுத்தம் உள்ளவர் என்பதால், பரானோ பகுதியிலுள்ள நித்ரோதி ஊற்றையும் கருத்தில் கொள்ளுங்கள். அதன் நீர் கொதிப்பதில்லை, வெதுவெதுப்பாகவே வருகிறது. குளத்தில் அமிழ்வதற்குப் பதிலாக, விழும் நீரில் நனைந்துவிட்டு வெயிலில் உலரலாம். உரோமானியர் காலத்தில் நலம் வேண்டியவர்கள் அப்பல்லோ என்னும் கடவுளுக்கும் நீர்த்தேவதைகளுக்கும் நேர்ந்தளித்த பளிங்குச் சிற்பங்கள் அங்கே கிடைத்துள்ளன. நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். எங்கு நீராடுவதானாலும் புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

மறுமொழி 3

மேலே கூறியவற்றுடன் உடன்படுகிறேன். நீராடுவதோடு நின்றுவிடாமல் தீவையும் அவருக்குக் காட்டுங்கள். நடுவே எழும் எப்பொமேயோ மலை, நிலத்தடிப் பாறைக்குழம்பின் அழுத்தத்தால் மேலே தள்ளப்பட்ட பாறைத்திரள். அந்த அடிவெப்பமே இன்றும் ஊற்றுகளைச் சூடாக்குகிறது. கடைசி எரிமலை வெடிப்பு 1302இல் நிகழ்ந்தது. அதே மண் கொடுமையும் செய்திருக்கிறது: 1883 நிலநடுக்கம் தீவின் வடகரையிலுள்ள கசாமிச்சோலா ஊரை அழித்தது, 2022 நவம்பரில் அங்கு ஏற்பட்ட நிலச்சரிவில் 12 பேர் இறந்தனர். ஆகவே கனமழை எச்சரிக்கை இருந்தால் அந்தச் சரிவுப் பக்கம் செல்லாதீர்கள்.

மலையேற இயலாவிட்டாலும் குறையில்லை. கடற்பாறை மேல் நிற்கும் அரகோனியக் கோட்டைக்கு மின்தூக்கி உண்டு. தீவைச் சுற்றிவரும் பேருந்துகளில் நெரிசல் மிகுதி. முழங்கால் வலியோடு நின்றுகொண்டு பயணிப்பதைவிட, ஒரு பிற்பகலுக்கு வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு செர்ராரா மேட்டில் நிறுத்தி, கீழே தெரியும் சாந்த் ஆஞ்சலோ என்னும் கடலோரச் சிற்றூரையும் கடலையும் அவர் ஆற அமரப் பார்க்கும்படி செய்யுங்கள்.